தாய்மாமன் கல்யாணத்துக்கு வராத காரணம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் உடன்பிறந்த அண்ணனும், மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே போட்டோ ஸ்டுடியோ என்ற பெயரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து அதில் உட்கார்ந்திருப்பவனுமாகிய நான் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் கனத்தைக் கையில் வாங்கியபோதே அது தெரிந்துவிட்டது.

பத்திரிகையை மேலிருந்து கீழ்வரை படித்தேன். உங்கள் பெயர், சம்பந்தியின் பெயர், அவர் வாங்கிய பட்டங்கள் எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. கடைசியில், பூ வேலைப்பாட்டுக்கும் கீழே, எறும்பு எழுத்தில் 'ஒளிப்படம்' என்று போட்டு ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்போதும் அதே பெயர்தான். என் மனைவியிடம் நீட்டினேன். "என்னங்க, சொல்லாமக் கொள்ளாம கடைக்குப் பேரை மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். அது நக்கலா நிஜமா என்று இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

சிட்டு உங்கள் மகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது நீங்கள் பயந்துபோய்ச் சுவரோரமாக நின்றீர்கள், முதல் படம் எடுத்தவன் நான். பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து வேலைக்கு மனுப்போட்ட படம்வரை அவள் முகம் என் கடை நாற்காலியில்தான் வளர்ந்தது. அவளுக்குக் கல்யாணம் என்றால் என்னவென்றே தெரியாத வயசிலேயே அவள் கல்யாணத்தை நான்தான் எடுப்பேன் என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டவன். இப்போது வேறு எவனோ எடுக்கப்போகிறான் என்றால் எனக்கு வலிக்கிறது மாப்பிள்ளை. பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. தங்கை போன் பண்ணி, "அண்ணா, நீ ஏன் அன்னிக்கும் கேமராவத் தூக்கிட்டு அலையணும்? ஜம்முனு டிரெஸ் பண்ணிட்டு வந்து முதல் வரிசையில உக்காரு" என்றாள். கரிசனமாம். எனக்குக் காது குத்தி எத்தனையோ வருஷமாயிற்று என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் யார் ஆரம்பித்து வைத்தது? நீங்கள். டைல்ஸ் கடை நடத்துகிறவர், நாலு கிளை வைத்திருப்பவர், வியாபாரம் தெரிந்தவர் என்று உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். "மச்சான், கையில தொழில் இருந்தா மட்டும் போதாது. நாலு பேருக்குத் தெரியணும். விளம்பரம் பண்ணுங்க" என்றீர்கள். பண்ணினேன். முதலில், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய படமாக ஒன்று வையுங்கள் என்றீர்கள். பக்கத்துத் தையல்காரரும் அவர் மனைவியும் ஜோடியாக நிற்கும் படம், என் கையால் எடுத்ததிலேயே நல்ல படம், அதை ஆள் உயரத்துக்குப் போட்டு வைத்தேன். மறு மாசமே இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். அந்த அம்மா வந்து "அந்த ஆள் பக்கத்துல நான் இன்னும் எத்தன நாள் நிக்கணும்? என்னை அதுலருந்து எடுங்க" என்று சத்தம் போட்டது. எடுக்கிறேன் என்றால் தையல்காரர் வந்து, "அவ இருந்த இடத்தை வெறுமனே விட்டா எனக்கு அசிங்கம், அவளை அப்படியே விடவும் கூடாது" என்கிறார். வம்பே வேண்டாம் என்று அந்த அம்மா இருந்த பாதியின்மேல் 'இங்கே ஜெராக்ஸ் எடுக்கப்படும்' என்று ஒரு அட்டையை ஒட்டினேன். அன்றிலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஜெராக்ஸ்தான் கேட்கிறார்கள். போட்டோ எடுப்பீர்களா என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் படத்தில் மிச்சமிருந்த தையல்காரரைக் காட்டி, "இவருதான் ஓனரா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் இலவசம் என்று ஒரு யோசனை சொன்னீர்கள். குடும்பப் படம் இலவசமாக எடுத்துக்கொடுங்கள், பிரிண்டுக்கு மட்டும் காசு வாங்குங்கள், கூட்டம் தானாக வரும் என்றீர்கள். கூட்டம் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். பாட்டன் பூட்டன் வரை அழைத்துக்கொண்டு வந்தார்கள். என் சீப்பால் தலை வாரினார்கள், என் பவுடரைப் போட்டார்கள், படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டியதும் ஆளுக்கொரு செல்போனை எடுத்து அந்தத் திரையையே படம் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். போகும்போது ஒருத்தர் சீப்பையும் கொண்டுபோய்விட்டார்.

சரி, இன்டர்நெட்டில் கடையைப் பற்றி நாலு பேரை நல்லதாக எழுதச் சொல்லுங்கள், நட்சத்திரம் போடச் சொல்லுங்கள் என்றீர்கள். நாலு பேருக்கு எங்கே போவேன்? என் மனைவியிடம் சொன்னேன். உட்கார்ந்து, யோசித்து, எழுதினாள். 'படம் நன்றாக இருக்கும். ஓனருக்குக் கொஞ்சம் கோபம் வரும்.' மூன்று நட்சத்திரம். "ஏண்டி மூணு?" என்றால், "அஞ்சு போட்டா பொண்டாட்டி போட்டதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க" என்கிறாள். இன்றுவரை என் கடைக்கு வந்த ஒரே மதிப்புரை அதுதான்.

இதெல்லாம் போகட்டும். உண்மையான காரணம் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? போன வருஷம் உங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் விருந்தை எடுத்தேனே, அந்த ஆல்பம்தானே? அதைத்தான் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, என் பிழைப்பு பாஸ்போர்ட் போட்டோ. பல் தெரிந்தால் ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள், காது மறைந்தால் அனுப்புவார்கள், பின்னால் ஒரு நிழல் விழுந்தால் அனுப்புவார்கள், அனுப்பியதும் அந்த ஆள் நேரே என் கடைக்கு வந்து என்னைத் திட்டுவான். காலையிலிருந்து சாயங்காலம் வரை 'சிரிக்காதீங்க, வாயை மூடுங்க, காது தெரியணும், நேரா என்னைப் பாருங்க' என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள். அதே வாய்தானே உங்கள் விருந்துக்கும் வந்தது? வேறு வாய்க்கு எங்கே போவேன்? நான் சொன்னேன், அத்தனை பேரும் பயந்துபோய்க் கேட்டார்கள். கேக் வெட்டும் இடத்தில் நீங்களும் தங்கையும் ஏதோ விசாரணைக்குக் கூட்டிவந்த ஆட்கள் மாதிரி நிற்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு காதுகளும் தெளிவாகத் தெரிகின்றன.

பின்னணி விஷயத்துக்கும் வருகிறேன். பிரிண்ட் போடுவதற்கு முன்னால் ஆளுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் அழித்து வெள்ளையாக்குவது எனக்குப் பல் தேய்ப்பதுபோல. கை தானாகப் போகும். நீங்கள் மண்டபம் முழுக்கச் சோடித்திருந்த பூவும் விளக்கும் கண்ணாடிச் சரமும் ஒன்றுகூட ஆல்பத்தில் இல்லை என்று உங்கள் அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாராம். நீங்கள் மட்டும் ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, "பரவால்ல மச்சான், எல்லாம் பளிச்சுனு இருக்கு" என்றீர்கள். அன்றைக்கே மூஞ்சிக்கு நேரே திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், சண்டை தீர்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு ஒரு வருஷம் பொறுத்து, அச்சடித்து, தபாலில் அனுப்புகிறீர்கள்.

அந்தக் கம்பெனியின் லட்சணத்தையும் பார்த்தேன். அவர்கள் படம் எடுப்பதில்லையாம், கதை சொல்கிறார்களாம். சிட்டுவையும் மாப்பிள்ளைப் பையனையும் கல்யாணத்துக்கு முன்னால் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் எடுத்த படங்களைத் தங்கை அனுப்பியிருந்தாள். ஒன்றில் கால்கள் மட்டும். ஒன்றில் இரண்டு முதுகுகள். இன்னொன்றில் மழையே இல்லாமல் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், யார் துரத்துகிறார்கள் என்று தெரியவில்லை. பெற்ற பெண்ணின் முதுகைப் பார்க்கவா இவ்வளவு செலவு? என் கடையில் முதுகு விழுந்தால் மறுபடி இலவசமாக எடுத்துக் கொடுப்போம். நாளைக்கு அவள் பிள்ளை அந்த ஆல்பத்தைப் புரட்டி "அம்மா எங்கே?" என்று கேட்டால் எந்தக் காலைக் காட்டுவாள்? சிட்டுவின் முகம் எந்தப் பக்கம் திரும்பினால் நன்றாக இருக்கும், எந்த நேரத்தில் அவளுக்குக் கண் கலங்கும், அழுகையை அடக்கும்போது கீழுதடு எப்படி மடியும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

ஆகவே மாப்பிள்ளை, நான் கல்யாணத்துக்கு வருவதாக இல்லை. முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட வேண்டாம். வேறு யாராவது பெரிய மனிதரை உட்காரவையுங்கள். என் மனைவி வருவாள், அவள் பேச்சுக்கு நான் பொறுப்பில்லை. உங்கள் தொழில் நாலு கிளையிலிருந்து எட்டாகட்டும். தங்கைக்கு என் அன்பு. அவள்மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். சிட்டுவுக்கும் அவள் கைப்பிடிக்கப்போகிறவருக்கும் என் மனமார்ந்த ஆசிகள். எங்கிருந்தாலும் அவர்கள் முகத்தோடு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விளம்பர யோசனைகளையெல்லாம் கேட்டுக் கெட்ட மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் போன் வந்தது. அதே கம்பெனியின் மேனேஜர். அவர்களுடைய முக்கியமான கேமராமேன் வேறு ஒரு கல்யாணத்தில் பின்பக்கமாகவே நடந்து நடந்து படம் எடுத்து, பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டானாம். அவசரத்துக்கு ஆள் வேண்டுமாம். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். மண்டபத்தின் பெயரையும் தேதியையும் சொன்னதும் உங்கள் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன், அதே மண்டபம், அதே தேதி. "பார்ட்டி கொஞ்சம் கறாரானவரு சார். ஏற்கெனவே யாரோ சொந்தக்காரர் ஒருத்தர் எடுத்துக் கெடுத்து வச்சிட்டாராம். சொந்தக்காரங்க யாரையும் கேமராவத் தொட விடாதீங்கன்னு ரெண்டு தடவ சொல்லிட்டாரு. நீங்க பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நான் வருகிறேன். கம்பெனி பெயர் போட்ட கறுப்பு பனியன் தருவார்களாம், பின்வாசல் வழியாக வரவேண்டுமாம், வீட்டு ஆட்களோடு பேசக்கூடாதாம். நீங்கள் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம், எனக்கு இந்த வேலை போய்விடும். தங்கையிடமும் சொல்லிவையுங்கள், என்னைப் பார்த்ததும் அண்ணா என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிடப்போகிறாள். மேடையில் குடும்பத்தையெல்லாம் நிறுத்திப் படம் எடுக்கும்போது, பெண்ணின் தாய்மாமன் எங்கே என்று யாராவது தேடுவார்கள். ஒரு வேலையாகப் போயிருக்கிறார் என்று சொல்லுங்கள். அது பொய்யாகாது.