மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டர்

லீவு எடுக்கும் வாத்தியாருக்கு இரண்டு பயங்கள் உண்டு. தன் இடத்துக்கு வருபவர் பாடத்தைக் கெடுத்துவிடுவாரோ என்பது ஒன்று. நன்றாக நடத்திவிடுவாரோ என்பது மற்றொன்று. முதல் பயத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம். தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவதுதான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நான் மதுரையில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. (பேரையூரில் எனக்குப் பெண் கொடுக்க இருந்த மாமனாரைப் பொறுத்தவரை அது எப்போதோ நிரந்தரமாகிவிட்டது. கல்யாணத் தரகர் அவரிடம் அப்படிச் சொல்லியிருந்தார். நான் மறுத்துப் பேசி அவர் மனதைப் புண்படுத்தவில்லை.) சம்பளம் குறைச்சல் என்றாலும் கர்வத்துக்குக் குறைவில்லை. மதுரை ஜில்லாவில் முக்கோணத்தைப் புரிந்துகொண்ட ஒரே பிறவி நான்தான் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டேன். ஹெட்மாஸ்டர் கொடுத்துவிட்டு, என் நாலாம் பாரத்துக்கு, அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்புக்கு, தமிழ்ப் பண்டிதர் சொக்கலிங்கம் பிள்ளையை அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்த நேரத்தில் வகுப்பில்லாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பண்டிதர் வியர்த்துப் போய் என்னிடம் வந்தார். "தம்பி, எனக்கும் கணக்குக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. என்ன செய்யணும்னு எழுதிக் குடுத்துருங்க. ஒரு எழுத்துப் பிசகாமச் செஞ்சுப்புடுறேன்."

விவரம் தெரிந்தவனாக இருந்தால், "பையன்களைக் கூட்டல் கழித்தல் போடச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காருங்கள்" என்று சொல்லியிருப்பேன். நானோ காகிதக் கட்டோடு உட்கார்ந்தேன். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அவ்வளவு யோசித்து எழுதவில்லை. 'இப்போது அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைக.' 'இங்கே சிரிக்கவும், பையன்களும் சிரிப்பார்கள்.' 'இப்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேலே பார்த்து, சிந்திப்பது போல நிற்கவும்.' (பண்டிதருக்கு மூக்குக் கண்ணாடி கிடையாது. இதற்காகவே டிராயிங் மாஸ்டரிடம் இரவல் வாங்கினாராம்.)

மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் ரெங்கசாமி என்று ஒரு பயல் இருந்தான். எதையாவது கேட்டு என் மானத்தை வாங்குவதே அவன் வேலை. அவனுக்காகத் தனியே எழுதினேன்: 'மூன்றாம் பெஞ்சு ஓரத்திலிருந்து என்ன கேள்வி வந்தாலும், அது உனக்கு விளங்காது, உட்கார் என்று சொல்லவும். மறுபடியும் கேட்டால் காதைத் திருகவும்.'

காகிதக் கட்டைப் பண்டிதரிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தாலி கட்டினேன்.

திரும்பி வந்த அன்று பண்டிதர் பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்திருந்தாரு தம்பி! நீங்க எழுதுனதுல ஒரு எழுத்து மாத்தல."

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எங்கே உட்கார்ந்தார்?"

"நாற்காலி வேணாம், பையங்களோட இருக்கேன்னுட்டாரு. அவரைப் பாத்ததும் ரெங்கசாமி எந்திரிச்சு இடம் விட்டான். அங்கனதான் உக்காந்தாரு."

பிறகு நடந்ததை அவர் விஸ்தாரமாகச் சொன்னார். இணைகோட்டை எதற்காக வரைகிறோம் என்று இன்ஸ்பெக்டர் எழுந்து கேட்டிருக்கிறார். பண்டிதர் காகிதத்தைப் பார்த்து, "அது உனக்கு விளங்காது, உட்கார்" என்று தெளிவான உச்சரிப்பில் படித்திருக்கிறார். மனிதர் திகைத்துப்போய் உட்கார்ந்தேவிட்டாராம். சற்றுப் பொறுத்து மறுபடியும் எழுந்து கேட்டிருக்கிறார்.

"அங்கதான் தம்பி எனக்குக் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. பெரிய மனுசர். அதனால கூட வந்திருந்த ஹெட்மாஸ்டரையே கேட்டுப்புட்டேன். 'ஐயா, இதுல காதைத் திருகணும்னு போட்டிருக்கு. ஐயாவோட காதை எம்புட்டுத் திருகட்டும்'னு."

"அப்புறம்?" என்றேன்.

"காகிதத்தை இன்ஸ்பெக்டர் வாங்கிக்கிட்டாரு. முழுசும் படிச்சாரு. நல்லாச் சிரிச்சாரு. ஒரு இடத்தை மட்டும் ஹெட்மாஸ்டருக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுனாரு."

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. எழுதியவனுக்குத் தெரியாதா? 'ஹெட்மாஸ்டர் வந்தால் குரலை உயர்த்தவும். அவருக்கு ஜியாமெட்ரி தெரியாது. சத்தம் கேட்டால் போதும், போய்விடுவார்.'

ஹெட்மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருக்கலாம். மிகவும் மரியாதையாக, "கல்யாணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சதா? உங்க வேலையை நிரந்தரம் பண்றதை அடுத்த வருஷம் பாத்துக்குவோம். எனக்கு ஜியாமெட்ரி தெரியாதாமே, அதையும் இந்த வருஷமே கத்துக்கலாம்னு இருக்கேன்" என்றார். சொன்னபடியே நாலாம் பாரத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இணைகோடு வரையும்போதெல்லாம், "ஏன்?" என்று கேட்டார். வருஷக் கடைசியில் அவருக்கு ஜியாமெட்ரி வந்துவிட்டது. எனக்குத்தான் கோடு போடும் முன் 'ஏன்?' என்று என்னையே கேட்டுக்கொள்ளும் வியாதி வந்தது.

வேலை விஷயத்தை மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி காமாட்சி கதை முழுவதையும் கேட்டாள். புதுப்பெண் என்பதை மறந்து, அடக்கமாட்டாமல் சிரித்தாள். "அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் எழுதிப் போட்டுறாதீக" என்றாள்.

ஊருக்குப் போனவள், விஷயத்தைத் தன் அப்பா ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவள் அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. இன்றைக்கும் பேரையூர்ப் பக்கம் விசேஷ வீட்டில் ஏதோ வேலை சொல்ல நினைத்து, "இருங்கப்பா, எழுதித் தாரேன்" என்று நான் பேனாவைத் திறந்தால் போதும். பந்தலில் இருக்கும் கூட்டம் மொத்தமும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறது.