பதினான்காம் எண் மாப்பிள்ளை

அல்லிநகரம்,
9.9.2008

சென்னையில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தும் அன்புத் தம்பி தமிழ்மாறனுக்கு, அக்கா கஸ்தூரி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மச்சானும் உடல் நலம். மன நலம் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் சொன்னால், "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நம் திருமணத் தகவல் நிலையத்துக்கு நீ செய்துகொடுத்த வெப்சைட்டில் படங்கள் ஆடி அசைந்து வருகின்றன என்று போன மாதம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வேறு எங்கிருந்தோ வருவதால்தான் தாமதம், நம் சைட்டிலேயே ஒரு நகலை வைத்துக்கொள்ளும் 'கேஷ்' வசதியைப் போடு என்றாய். எத்தனை வினாடி வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் 3600 எழுதச் சொன்னாய். ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போக அது என்ன மீன்குழம்பா? நான் நாலு பூஜ்யம் சேர்த்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கைக்குக் கிடைத்த உன் மச்சான் சுருளியாண்டியின் படத்தைப் பதினான்காம் எண்ணில் ஏற்றினேன். கண் சிமிட்டுவதற்குள் வந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, வருசநாட்டுப் பால்பாண்டியின் விவரத்தையும் படத்தையும் அதே எண்ணில் ஏற்றினேன். விவரம் மாறியது, படம் மாறவில்லை. கெடு முடியும்வரை பழைய நகலையே காட்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "வயது 27, சொந்த இலவந்தோப்பு, கெட்ட பழக்கம் இல்லை" என்ற வரிகளுக்கு மேலே, ஐம்பத்து நாலு வயது உன் மச்சான் மூன்று வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நேற்று, சொல்லாமல் கொள்ளாமல், பதினான்காம் எண்ணைப் பார்த்துவிட்டு, கம்பத்திலிருந்து பஞ்சம்மாள் என்ற அம்மா மகள் யுவராணியோடு, நிலையம் நடக்கும் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தது உன் மச்சான். அந்த அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படத்துல இருந்தவுகதான். இருபத்தேழுன்னு போட்டிருக்காக. வெயில்ல ஒழைச்ச ஒடம்பு போல" என்றார் மகளிடம். மனுஷன் மறுக்க வேண்டாமா? தலையைக் கோதிக்கொண்டு, "உள்ள வாங்க, காப்பி குடிச்சுட்டுப் பேசுவோம்" என்கிறார்!

அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஆத்தா, இவுக என் வீட்டுக்காரரு!" என்று கத்தினேன்.

"கட்டுன பொண்டாட்டிய வீட்டுல வச்சுக்கிட்டா எம் மகளுக்குக் காப்பி நீட்டுறாரு?" என்று பஞ்சம்மாள் எழுந்துவிட்டார்.

நான் நகல், கேஷ், பூஜ்யம் என்று விளக்க விளக்க அவர் முகம் இன்னும் சிவந்தது. நல்லவேளை பால்பாண்டி பக்கத்தில் தேனிக்கு வந்திருந்தான். போன் போட்டதும் ஓடிவந்து, வாசலில் நின்று மூச்சு வாங்க, "நாந்தாங்க பதினாலு" என்றான். அவர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்கள்.

ஏற்கெனவே ஆறு இடம் தட்டிப்போன பிள்ளை. "எம் படத்தப் போட்டு அவுக வேணாம்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லக்கா" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நகலை எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் பார்த்தேன். மின்வெட்டும் வந்து பார்த்தது. உன் மச்சான் போகவில்லை. வெள்ளிக்கிழமை கட்டாயம் பஸ் ஏறி வா. வேளைக்குச் சாப்பிடு. கௌமாரியம்மன் உனக்குத் துணையிருக்கட்டும்; எனக்கு நீ இரு.

அன்பு அக்கா,
கஸ்தூரி

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடுவதற்குள் பஞ்சம்மாள் போன் செய்தார். "ஒங்க வீட்டுக்காரரப் பாத்த கண்ணோட அந்தத் தம்பியப் பாத்தமா, ராசா கணக்கா இருந்தாப்ல. யுவராணி சரின்னுட்டா. பூ வைக்க வாங்க." பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு முத்துப்பேச்சி, தன் மகன் எண்ணிலும் முதலில் மச்சான் படத்தையே போடச் சொல்கிறாள். நீ வர வேண்டாம். வந்தாலும் கம்ப்யூட்டரைத் தொடாதே.