சிலைகளின் முதுகைப் பார்த்த சொல்தா

புதுச்சேரியில இருக்கற அத்தனை சிலைக்கும் முதுகு எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஒரே ஆளு எங்க சொல்தாதான். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்தவங்களை இங்க 'சொல்தா'ன்னுதான் கூப்பிடுவோம். அவருக்கும் சொந்தப் பேரு இருந்திருக்கும். யாரு கேட்டா?

நெல்லித்தோப்புல என் பூக்கடை. தலைவருங்க சிலைக்குப் போற பெரிய மாலையெல்லாம் என் கையால கட்டினதுதான். எனக்கு ஈடா மாலை கட்ட இந்தத் தெருவுல ஆளு கெடையாது. இதை நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?

ஊரே சிலையோட மூஞ்சியப் பாத்துக் கும்பிடும். சொல்தா குடையை மடக்கிக்கிட்டுப் பின்பக்கம் போவாரு. ஒருநாள் கடற்கரையில போலீஸ்காரர் பிடிச்சுட்டாரு.

"யோவ் பெருசு, அங்க என்னய்யா பண்ற?"

"முதுகப் பாக்கறேன் முசியே." ஐயாங்கறதை எப்பவும் பிரெஞ்சுலதான் சொல்லுவாரு.

"முதுகுல என்ன இருக்கு?"

"யாரும் பாக்காத பக்கத்தையும் எப்படி எழைச்சிருக்கான் பாருங்க! அந்தச் சட்டை மடிப்பு! செஞ்சவன் யாரு?"

போலீஸ்காரர் கல்வெட்டைப் படிச்சாரு. திறந்து வச்சவர், தலைமை தாங்கினவர், முன்னிலை வகிச்சவங்க. அவ்ளோதான்.

"துணிய இழுத்தவன் பேரு இருக்கு, சிலையைச் செஞ்சவன் பேரு எங்க?"ன்னு சொல்தா கத்த, போலீஸ்காரர் நடையக் கட்டிட்டாரு.

சுனாமிக்கு அப்புறம் ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு பூங்கா வந்துச்சு. அதுல மீன்கூடைக்காரி சிலை. செஞ்சவரு காதர் பாய், வாயத் தொறக்கவே கூச்சப்படற மனுஷன். குதிகால் வெடிப்பைக்கூட விடாம செதுக்கியிருந்தாரு. "பூக்காரம்மா, அது வெயில்ல நடந்த காலு!"ன்னு சொல்தா என் கடைக்கு வந்து பொலம்புவாரு.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கல்வெட்டு வந்துச்சு. ஆபீசர் பேரு வரைக்கும் இருக்கு, பாய் பேரைக் காணோம்.

"கல்லுல இடமில்ல"ன்னாரு ஆபீசர்.

"விடுங்க சொல்தா"ன்னு பாய் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

சொல்தாவா விடுவாரு? நேரா என்கிட்ட வந்தாரு. "மந்திரிக்குப் போடற அளவுக்கு ஒரு மாலை வேணும்."

ரோசாவும் சம்பங்கியுமா ஆளுயரத்துக்குக் கட்டிக் குடுத்தேன். என் மாலை மந்திரி கழுத்துல ஏறுறதைப் பாக்கணும்னு நானும் பின்னாலயே போனேன்.

மறுநாள் விழாவுல மாலையப் பாத்ததும் கூட்டம் வழி விட்டுச்சு. மந்திரி சிரிச்சுக்கிட்டே கழுத்தை நீட்டினாரு. சொல்தா அவரைத் தாண்டிப் போயிட்டாரு! செவுத்தோரம் நின்ன காதர் பாய் கழுத்துல மாலையப் போட்டு, வெறப்பா ஒரு சல்யூட் அடிச்சாரு. மந்திரி கழுத்து நீட்டினது நீட்டினபடியே நிக்குது.

"யாருய்யா அவரு?"ன்னாரு மந்திரி.

"அதைத்தான் முசியே நான் ஊரெல்லாம் கேக்கறேன்! இந்தச் சிலையச் செஞ்சவரு!"

கூட்டம் கைதட்டுச்சு. மந்திரி வெவரமானவரு, அவரும் தட்டினாரு. "பேரைப் போடுங்கய்யா."

"ஐயா, கல்லுல இடம்..."

"உம்ம பேரை எடுத்துட்டுப் போடும்!"

புதுக் கல்லு வந்த அன்னிக்கு, சொல்தா என்னைக் கடையச் சாத்தச் சொல்லி ஆட்டோவுல கூட்டிட்டுப் போனாரு. எனக்குப் படிக்கவே வராதுன்னு அவரு நெனப்பு. வெரலால ஒவ்வொரு எழுத்தா தொட்டு, "கா... த... ர்"னு படிச்சுக் காட்டினாரு.

மூணு எழுத்து கூட்டிப் படிக்க எனக்கே வரும். ஆனாலும், "இன்னொருவாட்டி படிங்க முசியே"ன்னேன்.