தராசுக் கிராணியாரின் ஏழு புத்தாண்டுகள்

பினாங்கில் ஓர் ஆண்டுக்கு ஏழு புத்தாண்டுகள் உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தராசுக் கிராணியார்தான். அது கவர்னர் துரைக்குத் தெரியாது. பஞ்சாங்கம் பார்க்கிற குருக்களுக்கும் தெரியாது. உடம்பை இளைக்க வைக்க ஒரு நல்ல நாள் தேடி அலைந்த மனிதருக்கு மட்டுமே அது புலப்பட்டது. நான் எதையும் எண்ணிப் பாராமல் நம்புகிறவன் அல்லன். இதையும் எண்ணினேன். ஏழுதான்.

ஜனவரி முதல் தேதி வெள்ளைக்காரர்களுடையது. தை முதல் தேதி நம்முடையது. அதன் பின்னால் சீனர்களுடையது. சித்திரையில் மறுபடியும் நம்முடையது. அதே வாரத்தில் புலாவ் தீக்குஸ் பக்கத்துச் சயாம்காரர்களுடையது. முஸ்லிம்களின் முஹர்ரம் ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்கு மறுநாள் குஜராத்தி வியாபாரிகளுடையது.

"அண்ணே, சயாம்காரங்க வருஷமும் நம்ம சித்திரையும் ஏறக்குறைய ஒண்ணுதானே? சேத்து ஒண்ணா வச்சுக்கலாமே" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"ரெண்டு வீட்டுலயும் சாப்பாடு வேற வேறயா இருக்கே தம்பி. எப்படி ஒண்ணாகும்?" என்றார்.

நாங்கள் இருவரும் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் வேலை பார்த்தோம். கொப்பரை, மிளகு, சாதிக்காய், பாக்கு எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். எங்கள் ஊரில் குமாஸ்தாவைக் கிராணி என்போம். அவர் எடை போடுவார், நான் எண்ணுவேன். எங்கள் ஊர்க் கணக்கில் நூறு காத்தி ஒரு பிக்குல். நான் தொண்ணூற்றொரு காத்தி. கிடங்கில் எந்த ஆளும் ஒன்றேகால் பிக்குலைத் தாண்டியதில்லை. கிராணியார் இரண்டு பிக்குல். நெற்றியில் விபூதி, அகலமான அல்பாகா கோட்டு, கையில் வெற்றிலைப் பெட்டி. அவர் கிடங்கு வாசலில் நின்றால் உள்ளே விளக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு புத்தாண்டும் முடிந்த மறுநாள் காலை, கோட்டு, செருப்பு, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு மேடைத் தராசில் ஏறுவார். நான் எடையைப் பார்த்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுத வேண்டும். அதற்குக் கீழே அவர் சொல்வதையும் எழுத வேண்டும். சொல்வது எப்போதும் ஒன்றுதான். "இன்னிக்கிலேருந்து ஆரம்பம். அடுத்த பூசத்துக்குள்ள ஒண்ணரை பிக்குல்."

பூசம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். என் எரிச்சலெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அவருடைய ஒரே மகள் செல்லத்துக்குப் பதினொரு வயதில் கடுமையான காய்ச்சல். பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகத் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டாள். அப்போது முருகன் மலையடிவாரத்தில் இருந்தார். அடுத்து வந்த பூசத்தில் இவர் வீட்டில் துக்கம். அதற்கு அடுத்த பூசத்தில் இவருக்கே காய்ச்சல். மூன்றாவது பூசம் வருவதற்குள் மலைமேல் புதுக் கோயில் கட்டி, முருகன் அங்கே குடிபோய்விட்டார்.

"நான் வேண்டிக்கிட்டப்ப சாமி கீழதானே தம்பி இருந்தாரு? நான் கொடுத்தது கீழ்வீட்டு வாக்கு. இப்ப வீடு மாத்தினது அவரு. நான் என்ன பண்றது?"

"அதை அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்கண்ணே."

"சொல்றதுக்கும் மேலதானே ஏறணும்?"

இது அவர் வீட்டு விவகாரம் என்று நான் இருந்திருக்கலாம். ஆனால் செல்லம் வளர்ந்து பதினெட்டு வயதானபோது, அவளை என் தம்பிக்குப் பேசி நிச்சயம் செய்தோம். தாம்பூலம் மாற்றிய தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. கிராணியாரின் மனைவி, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், ஒரு வார்த்தை சொன்னார். "நேர்த்தி முடியாம என் பிள்ளை கழுத்துல தாலி ஏறாது."

ஆக, என் தம்பியின் கல்யாணம் கிராணியாரின் இடுப்பளவில் மாட்டிக்கொண்டது. மற்ற வீடுகளில் மாப்பிள்ளைகள் பெண்ணைப் பற்றி விசாரிப்பார்கள். என் தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, "அண்ணே, மாமா இப்ப எத்தனை காத்தி?" என்று விசாரித்தான்.

மனிதர் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. ஒரு ஜனவரியில், கிடங்கிலிருந்து டத்தோ கிராமாட் சாலையில் உள்ள தன் வீடு வரை தினமும் நடப்பது என்று முடிவு செய்தார். முதல் நாள் பாதி வழியில் கால் தள்ளாடியதால், போகிற ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே நடந்தார். "ஏறல தம்பி, சும்மா பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றேன்" என்றார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

"என்னண்ணே இது?"

"இன்னிக்குக் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சிருக்கேன்."

சீனப் புத்தாண்டுச் சபதம் பதினைந்து நாள் ஆரஞ்சுப் பழத்திலும் பலகாரத்திலும் மூழ்கிப்போகும். தவுக்கேமார்கள் என்னும் சீன முதலாளிகள் கொடுப்பதை மறுத்தால் அவர்களுடைய ஆண்டு கெட்டுப்போகுமாம். முஹர்ரம் சபதம் ஒன்பது நாள் உறுதியாக நிற்கும். பத்தாம் நாள் எங்கள் கிடங்குக்கு மிளகு அனுப்பும் மரைக்காயர் வீட்டிலிருந்து ஒரு சட்டி ஆஷூராக் கஞ்சி வரும். "கஞ்சிதானே தம்பி, நோயாளிக்குக்கூடக் கொடுப்பாங்க" என்பார். அந்தச் சட்டியை நான் அளந்திருக்கிறேன். ஆறு நோயாளிகளுக்குப் போதும்.

சஷ்டி விரதம் இருந்தார். சோறு கிடையாது, பழம் மட்டும். சந்தோஷப்பட்டேன். மத்தியானம் எண்ணினேன்: வாழைப்பழம் பதினான்கு, அதன் மேல் பாலிக் புலாவ் டுரியான், தலையளவுப் பழம், முழுசாக ஒன்று. "பழந்தானே!" என்று என்மேலேயே கோபித்துக்கொண்டார்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்த பிறகு அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததே, அந்த ஆண்டை மறக்க முடியாது. ஊரே இளைத்தது. நான் ஏழு காத்தி இளைத்தேன். இனி இவருக்கும் வேறு வழியில்லை, தம்பிக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தேன். கிராணியார் மரவள்ளிக்கிழங்குக்கு மாறி ஆறு காத்தி ஏறினார். அந்தப் பூசத்தன்று குடமில்லாமல் வெறும் கையோடு ஏறிப் பார்க்கிறேன் என்று மலைக்கு வந்தார். முப்பத்தெட்டுப் படி ஏறினார். திரும்பி இறங்கி, கீழே பானகம் நான்கு தம்ளர் குடித்தார். அதையும் எண்ணினேன்.

இவ்வளவு சொன்ன பிறகு அவருடைய ஒரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். தராசு விஷயத்தில் அவரை ஏமாற்றவும் முடியாது, அவர் யாரையும் ஏமாற்றவும் மாட்டார். ஒருமுறை கிடங்கின் எடைக்கற்கள் எல்லாம் முத்திரை வைக்கப் போயிருந்தன. கொப்பரை வாங்க வந்த தவுக்கேக்கு அவசரம். இரண்டு பக்கமும் தட்டுத் தொங்கும் பழைய தராசைக் காட்டி, "கிராணி, நீ ஏறிக்கோ லா! நீ ரெண்டு பிக்குல், ஊருக்கே தெரியும். உன் எடைக்குச் சரியாக் கொப்பரை போடச் சொல்லு" என்றார். கூலியாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கிராணியார் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "முடியாது தவுக்கே. நேத்துச் சித்திரை வருஷப் பிறப்பு. வடை பாயசம் எல்லாம் உள்ள இருக்கு. ரெண்டு காத்தியாவது கூட இருப்பேன். கள்ள எடை ஆயிடும்."

தவுக்கே மறுநாள் வந்து, முத்திரைக் கல்லில் எடை போட்டுக்கொண்டு போனார்.

நிச்சயம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஓடின. நோட்டுப்புத்தகத்தில் இருபத்தொரு எடைகள். கூடியது ஒன்பது முறை, குறைந்தது எட்டு முறை, அசையாமல் நின்றது நான்கு முறை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், இரண்டு பிக்குலாகத் தொடங்கியவர் இரண்டு பிக்குல் நான்கு காத்தியாக நின்றார்.

அந்த மார்கழியில் என் தம்பியை அவன் கம்பெனி ரங்கூனுக்கு மாற்றியது. பூசம் முடிந்து ஒரு மாதத்தில் கப்பல். போனால் எப்போது திரும்புவானோ தெரியாது. மூன்று ஆண்டு காத்திருந்த பெண்ணை இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்கச் சொல்வது? செல்லத்துக்கு இருபத்தொன்று நடக்கிறது. அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவோ பிடித்த பிடியை விடவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி காலை கிராணியார் தராசில் ஏறினார். நான் எழுதினேன். இறங்கிக் கோட்டை மாட்டிக்கொண்டே, "இந்தப் பூசத்துக்கு நடக்காது தம்பி. சித்திரையில புதுசா ஆரம்பிச்சம்னா…" என்றார்.

என் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. நோட்டுப்புத்தகத்தை மிளகு மூட்டைமேல் வீசினேன். "மலையில தராசு இருக்காண்ணே? ஏறுறவங்களை எடை போட்டா உள்ள விடுறாங்க? முருகன் உங்ககிட்ட ஒண்ணரை பிக்குல் கேட்டாரா, பால் கேட்டாரா?"

கூலியாட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிராணியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நடுவுல குடத்தைக் கீழ போட்டுட்டேன்னா? பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமே தம்பி. அதாண்டா பயம்."

மூன்று ஆண்டுகள் நான் அவருடைய எடையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தப் பயம் எந்தத் தராசிலும் ஏறவில்லை.

"பின்னால நான் வர்றேன். தாங்கிக்கிறேன்" என்றேன்.

"நீ தொண்ணூத்தொரு காத்தி."

"ஏறுங்கண்ணே, பாத்துக்கலாம்."

பூசத்தன்று காலை அவர் மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் பால்குடத்துடன் முதல் படியில் கால் வைத்தார். குடம் உச்சி போய்ச் சேரும்வரை தரையைத் தொடக்கூடாது. முன்னால் என் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். பின்னால் நான், இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகில் கொடுத்தபடி. எனக்குப் பின்னால் அக்காவும் செல்லமும். இரண்டு பிக்குல் நான்கு காத்தி என்மேல் சரிந்தால், எங்கள் மூவரையும் அடிவாரத்தில்தான் பொறுக்க வேண்டும் என்ற நினைப்பு ஒரு பக்கம். இந்தப் படிகள் மொத்தம் எத்தனை என்று இன்றைக்காவது எண்ணி முடித்துவிட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். எனக்கு அது பல நாளாக உறுத்தல்.

நாற்பத்துநான்காவது படியில் நின்றுவிட்டார். மூச்சு, கிடங்குக் கதவு திறப்பதுபோல் இரைந்தது. முதுகு என் கைகளில் நடுங்கியது. மேலே மரங்களும் தலைகளும்தான் தெரிந்தன.

"தம்பி… இன்னும் எத்தனை?"

எனக்குத் தெரியாது. ஆனால் மிச்சம் ஏராளம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து நான் ஒரு மூட்டைகூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னவன் அல்லன்.

"முப்பதுதாண்ணே" என்றேன்.

ஏறினார். மறுபடி நின்றார். மறுபடி கேட்டார்.

"இன்னும் முப்பதுதான்."

அக்கா பின்னாலிருந்து, "என்னங்க இது, அப்பவும் முப்பது, இப்பவும் முப்பதா?" என்று ஆரம்பித்தார். செல்லம், "அம்மா, பேசாம வாங்க" என்று அதட்டியது காதில் விழுந்தது. என் எண்ணிக்கை எங்கே தவறிப்போனது என்று தெரியவில்லை. தேடவும் இல்லை. நிற்பார், கேட்பார், முப்பது என்பேன், ஏறுவார். எங்களுக்குப் பின்னால் புறப்பட்ட கிழவிகள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் நாங்களும் உச்சிக்கு வந்தோம்.

ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பால் அபிஷேகம் ஆனதும் அக்கா அழுதார். என் தம்பியும் அழுதான். அவன் எதற்கு அழுதான் என்று எனக்குத் தெரியும். கிராணியார் ஒரு தூணில் சாய்ந்து, என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"முப்பது முப்பதுன்னு பதினொரு தடவை சொன்னே தம்பி. நானும் எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

"தெரிஞ்சும் ஏண்ணே கேட்டீங்க?"

"உண்மையைச் சொல்லியிருந்தா நின்ன இடத்துலயே நின்னிருப்பேண்டா."

மாசியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னால் வந்த சீனப் புத்தாண்டில் தராசில் ஏறினார். மூன்று காத்தி குறைந்திருந்தது. "பாத்தியா, வேலை செய்யுது! அடுத்த பூசத்துக்குள்ள ஒண்ணரை" என்று எழுதச் சொன்னார். கல்யாணப் பந்தியில் அவர் எத்தனை முறை இலையில் உட்கார்ந்தார் என்று எண்ணினேன். எழுதவில்லை.

அதன் பிறகும் ஆண்டுக்கு ஏழு முறை, கடைசிவரை அவர் புதிதாக ஆரம்பித்துக்கொண்டேதான் இருந்தார். அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. ஆனால் வந்து நின்றது முப்பதுக்கும் மேல். கொப்பரைத் தவுக்கேயும் தோள் கொடுக்க வந்திருந்தார்.

இப்போது எனக்கும் மூச்சு வாங்குகிறது. முழங்கால் இரண்டும் சண்டை போடுகின்றன. இருந்தாலும் பூசந்தோறும், இந்த முறையாவது படிகளை எண்ணி முடித்துவிடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து தொடங்குகிறேன். நாற்பத்துநான்கு வரை சரியாக வரும். அங்கே கால் தானாக நின்றுவிடும். யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் வாய், "இன்னும் முப்பதுதாண்ணே" என்று சொல்லிவிடுகிறது. அதோடு எண்ணிக்கை விட்டுப்போகிறது.