ஆழியனை உயிர்ப்பிக்கும் தீர்மானம்

மரணத்தை ரத்து செய்யும் அதிகாரம் இதுவரை எந்த அரசாங்கத்துக்கும் வாய்த்ததில்லை. கோட்டை கட்டிய ராஜாக்களுக்கு வாய்க்கவில்லை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கும் வாய்க்கவில்லை. அந்தப் பெருமை ஆரணியைத் தேடி வந்தது. ஒரு சித்திரைப் பிற்பகலில், பட்டுக்கடை ஒன்றின் மாடியில், ரோஸ்மில்க்கும் மிக்ஸரும் பரிமாறப்பட்ட கூட்டத்தில், செத்துப்போன ஒருவரை எழுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழவில்லை.

செத்தவர் பெயர் ஆழியன். அவர் ஒரு நாவலில் வசித்துவந்தார்.

நாவலை எழுதியவள் பரிமளா. பி.எஸ்ஸி. இயற்பியல். அருணகிரியின் பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுபவள். திரையில் அவள் கட்டம் கட்டமாக நிறம் நிரப்புவாள். அது அட்டையில் ஓட்டைகளாகி, தறியில் மயிலாகவோ மாங்காயாகவோ வெளியே வரும். யாரிடமும் அதிகம் பேச வேண்டாத வேலை. அதனாலேயே அவளுக்குப் பிடித்திருந்தது. பேசாமல் மிச்சம் பிடித்த சொற்களைச் சேர்த்து ‘ஏழிறகு’ என்ற மாயாஜாலக் காவியத்தின் முதல் பாகத்தை எழுதினாள். அதில் மலைகள் இடம் மாறின. மீன்கள் வரி கட்டின. ஏழு இறகுள்ள பறவை ஒன்று, இறகுக்கு ஓர் உயிர் என்று செத்தவர்களை எழுப்பிக்கொண்டிருந்தது. கடைசி அத்தியாயத்தில் இளவரசி செங்கனலி, அரக்கு நிறப் பட்டுடுத்தி, குதிரைவீரன் ஆழியனை மணந்தாள். புடவையின் பார்டரில் அந்தப் பறவை வரிசையாகப் பறந்தது.

அருணகிரி நாவலைப் படிக்கவில்லை. பார்டரைப் பற்றிய பத்தியை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டார். இலக்கியத்தில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பக்குவம் எல்லோருக்கும் வருவதில்லை.

“இதை நெய்யலாமா பரிமளா?”

“நெய்யலாங்க சார்.”

‘செங்கனலி பட்டு’ பிறந்தது. முகூர்த்தப் புடவை எடுப்பவர்களுக்கு நாவல் இலவசம். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, காவியம் எல்லாம் ஒரே பையில் போயின. போளூரிலும் தேசூரிலும் கண்ணமங்கலத்திலும் கல்யாண வீடுகளில், சமையல் ஆள் வரும்வரை பொழுது போகாதவர்கள் அதைப் படித்தார்கள். படித்தவர்கள் அடுத்த பாகம் கேட்டார்கள். புடவை மாற்ற வந்தவர்கள்கூட, “ரெண்டாம் பாகம் வந்துச்சுங்களா?” என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் பாகம் தாமதமானது. காரணம் இருந்தது. ஒரு நாள் காலையில் பரிமளாவின் கணவன் அன்புச்செல்வன், வண்டிக்குக் காற்றடித்து வருகிறேன் என்று போனான். பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அவனுக்கு நோய் இல்லை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. டாக்டருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடையின் சார்பில் பஸ் நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். அதில் அன்புச்செல்வனின் படத்தைவிடக் கைகூப்பி நின்ற அருணகிரியின் படம் பெரிதாக இருந்ததால், வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கள் முதலாளிதான் போய்விட்டார் என்று வருத்தப்பட்டார்கள்.

காரியம் முடிந்தது. எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அதன் பிறகு பரிமளா அவன் பேரை எடுத்தால், எதிரில் இருப்பவருக்கு உடனே அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிடும். யார் வீட்டுப் பேச்சிலும் அவன் செத்திருக்கவில்லை; யார் வீட்டுப் பேச்சிலும் அவன் இருந்திருக்கவும் இல்லை. கடைசியில் அவள் இரண்டாம் பாகத்தை எழுத உட்கார்ந்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஆழியன் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனான். குளத்துப் படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. புத்தகம் முழுக்க அடித்தடித்து எழுதியவள் அந்த அத்தியாயத்தில் மட்டும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அருணகிரி இரண்டாம் பாகத்தையும் முதல் பாகத்தைப் போலவே கவனமாகப் படிக்காமல் அச்சடித்தார். வைகாசி முகூர்த்தங்களுக்குப் புடவை எடுத்த அத்தனை வீட்டுக்கும் பையில் போட்டு அனுப்பினார்.

வாசகர் கருத்துகள் வந்து குவிந்தன. கடை மேனேஜர் கோபிநாத் அவற்றைத் தொலைபேசியில் பெற்றுத் தரம் பிரித்தார். அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ரிட்டயர் ஆனவர். ‘மேற்படி’ சேர்க்காமல் அவரால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. முதல் பாகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சண்டை இருந்தது, இதில் எல்லோரும் உட்கார்ந்து பேசிகினே இருக்கிறார்கள் என்றார் கண்ணமங்கலத்து உரக்கடைக்காரர். பேர்கள் அதிகம், மச்சான் யார் மாமனார் யார் என்று தெரியவில்லை என்றது ஒரு வீடு. மச்சான் யார் மாமனார் யார் என்பதுதான் தெளிவாக இருக்கிறது என்றது அதற்கு எதிர்வீடு. ஒருவர் வரைபடம் கேட்டார். இன்னொருவர் இதே நாவலுக்கு ஜாக்கெட் துணி இலவசமா என்று கேட்டார். தேசூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, “மூணாவது அத்தியாயம் படிச்சேங்க” என்றாள். பிறகு நெடுநேரம் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். கோபிநாத் அதை ‘கருத்து ஏதுமில்லை’ என்ற பிரிவில் சேர்த்தார்.

ஆனால் கல்யாண வீடுகள் ஒரே குரலில் பேசின. புடவைகள் திரும்பி வரத் தொடங்கின.

உலக இலக்கியத்தில் ஒரு நாவலை இத்தனை பொறுப்போடு யாரும் அணுகியதில்லை. ‘ஏழிறகு இரண்டாம் பாகப் பரிசீலனைக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் அருணகிரி. செயலாளர் கோபிநாத். நெசவாளர் சார்பில் குப்புராஜ். குழுவில் நாவலை முழுதாகப் படித்திருந்த ஒரே ஆள். ‘பாதிக்கப்பட்டோர்’ சார்பில் போளூர் ரேணுகாம்பாள், வைகாசியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையின் தாய். பரிமளா ‘சிறப்பு அழைப்பாளர்’. நாற்காலி நான்குதான் இருந்ததால் அவளுக்கு நூல் மூட்டையின்மேல் சிறப்பிடம் கிடைத்தது.

“இன்னாம்மா பரிமளா இது?” என்று தலைமையுரையைத் தொடங்கினார் அருணகிரி. “நான் உன்கிட்ட இன்னா கேட்டேன்? ஒரு ரெண்டாம் பாகம். அதுல ஒரு சாவு கேட்டேனா?”

“இல்லைங்க சார்.”

ரேணுகாம்பாள் பையைக் கவிழ்த்தார். புடவை மேஜையில் விழுந்தது. அவர் அதைக் கையால் தொடவில்லை.

“நிச்சயத்தன்னிக்கு எல்லாரும் கூடி உட்காந்துகினு இருக்கோம். எந்தம்பி இந்தப் புஸ்தகத்தை எடுத்து சத்தமா படிக்கிறான். மொத அத்தியாயம், ஒரே சிரிப்பு. ரெண்டாவது, எல்லாரும் கைதட்டறாங்க. மூணாவதுல மாப்பிள்ளை போயிட்டான். எம்புள்ளை மூஞ்சிய பாக்கணுமே நீங்க!”

“மேற்படி சம்பவத்தின்போது மேற்படி புடவை உடுத்தப்பட்டிருந்ததா?” கோபிநாத் கேட்டார்.

“அதாங்க கொடுமையே. செத்தது கூட போவட்டும். அதுக்கப்புறமும் அந்தப் பொண்ணு இதே அரக்குப் புடவையைக் கட்டிகினு போயி சிம்மாசனத்துல உட்காருது. அப்ப இது கல்யாணப் புடவையா, இல்ல அதுக்கும் இதானா?”

அருணகிரியின் முகத்தில் ஓர் ஒளி தோன்றியது. இரண்டுக்கும் ஒரே புடவை என்றால் வியாபாரம் இரட்டிப்பாகுமே என்ற அந்த ஒளி, ரேணுகாம்பாளைத் திரும்பிப் பார்த்ததும் அணைந்தது.

“சாவு நடந்த விதமே சரியில்லைங்க முதலாளி,” என்றார் குப்புராஜ். “எனக்கு அதான் பேஜாரா போச்சு. தறியில உட்காந்தா கையே ஓடலை. ஆழியன் யாரு? ஒத்தை ஆளா ஒரு படையையே திருப்பி அனுப்பினவன். அவன் சண்டையில செத்தா ஒத்துக்கலாம். எவனாச்சும் வெசம் வெச்சா ஒத்துக்கலாம். குதிரைக்குத் தண்ணி காட்டப் போனான், படியில குந்தினான், செத்துட்டான்னா? நடக்குமா தங்கச்சி?”

பரிமளா நூல் மூட்டையிலிருந்து பிரிந்த ஓர் இழையை விரலில் சுற்றினாள்.

“நல்லா இருந்த ஆளு, காலையில எழுந்து போயி, அப்படியே செத்துட்டான்னு எழுதினா எவன் நம்புவான்?” என்றார் அருணகிரி. “நம்பற மாதிரி எழுதணும்மா.”

மலைகள் இடம் மாறியதையும் மீன்கள் வரி கட்டியதையும் குழு ஆட்சேபிக்கவில்லை. இயற்பியல் படித்த பரிமளாவுக்கே அவற்றைப் பற்றி உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. குழு பெரிய மனது பண்ணி அவற்றை நடக்கக்கூடியவை என்று ஏற்றுக்கொண்டிருந்தது.

“அதுவும் இல்லாம இறகு ஒண்ணு பாக்கி இருக்குது,” என்று குப்புராஜ் விடாமல் பிடித்தார். “மொத பாகத்துல ஆறு செலவாச்சு. ஏழாவது எங்க?”

“அதையும் வெச்சுப் பாத்தாங்கண்ணா,” என்றாள் பரிமளா. “நாலாவது அத்தியாயத்துல. செங்கனலி அவரு நெஞ்சு மேல வெச்சுகினு விடியற வரைக்கும் உட்காந்திருந்தாங்க. வேலை செய்யலை.”

“அது படிச்சேன். ஏன் வேலை செய்யலை?”

“தெரியலைங்கண்ணா.”

“எழுதினவ நீ. உனக்கே தெரியலைன்னா?”

“தெரியலைன்னுதான் எழுதியிருக்கேன்.”

அருணகிரி நாற்காலியில் சாய்ந்தார். “ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? காரணம் இல்லாம ஒண்ணு நடக்குமா?”

குழு ஆக்கபூர்வமான யோசனைகளுக்கு வந்தது. செத்தது ஆழியன் இல்லை, அவனுடைய இரட்டைப்பிறவி என்றார் ரேணுகாம்பாள். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் குதிரை கண்ட கனவு என்றார் கோபிநாத்; அப்படியானால் யார்மீதும் வழக்கு வராது. மூச்சை அடக்கும் யோகம் என்றார் குப்புராஜ். எதுவாக இருந்தாலும் ஜல்தியாக எழுதி, ஒரு தாளில் அச்சடித்து, வீடு வீடாக அனுப்பி, புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றார் அருணகிரி.

“சார்,” என்றாள் பரிமளா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு முறை முயன்றாள். “சார், அந்த சாவு மட்டும் இருக்கட்டும் சார். வேற எது வேணும்னாலும் மாத்திடறேன். புடவையை வேணும்னா மாத்திடறேன். பறவையையே எடுத்துடறேன்.”

“பறவையை எடுத்தா பார்டர் இன்னா ஆவறது?”

பரிமளா மேஜையில் கிடந்த புடவையின் பார்டரைப் பார்த்தாள்.

“ஒரே ஒரு வரிம்மா,” அருணகிரி தணிந்து, தகப்பனைப் போலச் சொன்னார். “‘ஆழியன் கண் விழித்தான்.’ அவ்ளோதான். நீயே எழுதிட்டா உனக்கு மரியாதை. இல்லைன்னா கோபிநாத் எழுதிடுவாரு.”

“மேற்படி ஆழியன் மேற்படி கண்களை விழித்தார்,” என்று கோபிநாத் பதம் பார்த்துக்கொண்டார்.

அந்த ஒரு வரி பரிமளாவுக்குப் புதிதில்லை. அன்புச்செல்வன் போன பிறகு அதை எழுதிப் பார்க்கத்தான் அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். எத்தனையோ காலைகளில் எழுதிப் பார்த்தாள். அது வராமல் போனதில் மிஞ்சியதுதான் இரண்டாம் பாகம். இதைக் குழுவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் வாக்கியம் தேடிக்கொண்டிருக்கும்போதே கோபிநாத் எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார்.

“மேற்படி நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் மேற்படி ஆழியன் என்பவர் தகுந்த காரணம் ஏதுமின்றி இறந்துபோனதை இக்குழு வன்மையாகக் கண்டிக்கிறது. அன்னாரின் மரணம் இன்று முதல் செல்லாது என அறிவிக்கிறது. அன்னாரை வைகாசி முதல் முகூர்த்தத்துக்கு முன்பாக உயிர்ப்பித்துத் தருமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறது.”

நான்கு கைகள் உயர்ந்தன. ரேணுகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெண்ணுக்குத் தாலி திரும்பக் கிடைத்த நேரம். யாருக்குத்தான் நெஞ்சு இளகாது?

“சிறப்பு அழைப்பாளர் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம்,” என்றார் கோபிநாத். விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி. விதிப்படி அதற்குப் பதில் வராது.

பரிமளா எழுந்து நின்றாள்.

“தீர்மானத்துல இன்னொரு பேரையும் சேத்துக்க முடியுங்களா சார்?”

மாடி முழுவதும் மகிழ்ச்சி பரவியது.

“பாத்தீங்களா, நல்லபடியா சொன்னா கேக்கற பொண்ணுதான்,” என்றார் அருணகிரி. “தாராளமா சேத்துக்கலாம்மா. ஒருத்தன எழுப்பற கையோட ரெண்டு பேரா எழுப்பிடலாம். பேரு சொல்லு.”

“அன்புச்செல்வன்.”

கோபிநாத் எழுதிக்கொண்டார். “மேற்படி அன்புச்செல்வன் எந்த அத்தியாயத்துல இறந்தாரு?”

பரிமளா அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வடக்கு வாசல்ல ஈட்டி பட்டு விழுந்தானே, அவனா?” என்றார் குப்புராஜ். “இல்லையே, அவன் பேரு வேறயாச்சே.”

“மீனுங்க கிட்ட வரி வாங்கறவனா இருக்கும்,” என்றார் ரேணுகாம்பாள்.

“இருங்க, பாத்துடலாம்.” அருணகிரி மேஜையிலிருந்த பிரதியை எடுத்தார். அவர் அந்தப் புத்தகத்தைத் திறந்தது அதுதான் முதல் தடவை. மற்றவர்களும் ஆளுக்கொரு பிரதியைப் பிரித்தார்கள். மின்விசிறி சுற்றும் சத்தமும் தாள் புரளும் சத்தமும் மட்டும் கேட்டன. ரேணுகாம்பாள் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தேடினார். குப்புராஜ் போர்க்களங்களைப் பார்த்துக்கொண்டார். கோபிநாத், பின்னிணைப்பில் இருந்த கதாபாத்திரங்களின் பட்டியலில் விரலை வைத்து, அகரத்திலிருந்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். ஒருமுறை இறங்கி முடித்துவிட்டு, சந்தேகம் தீர மறுபடியும் இறங்கினார்.

பரிமளா நின்றபடியே காத்திருந்தாள்.

“அப்படி ஒருத்தர் இல்லவே இல்லைம்மா,” என்றார் கோபிநாத், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. “ஒரு பேர் விடாம பாத்துட்டோம்.”

இதற்குமேல் ஓர் எழுத்தாளருக்கு என்ன வேண்டும்? ஆரணியில் எவனுடைய சாவும் வாசகர் கண்ணுக்குத் தப்பாது. செத்தவன் புத்தகத்துக்குள் இருந்தால் போதும்.