கேள்வித்தாள் இலகுவாக வந்த நாள்

எதையும் முன்கூட்டியே கணக்குப் பார்த்துவிடுபவர்களால்தான் ஒரு வீட்டில் பெரிய சேதங்கள் நடக்கின்றன. நான் அந்த வகை. (காய்ச்சல் வருமுன்பே மாத்திரை வாங்கி வைத்து, அதைப் பார்த்தே காய்ச்சல் வரவழைத்துக்கொள்பவன்.)

மகள் காயத்ரி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுப் பரீட்சை எழுதினாள். ஆயிரத்து நானூறு புள்ளி எடுத்தால் அங்கே ஒரு கல்லூரி பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். எடுக்காவிட்டால் போக வழியில்லை. முதல் தடவை நாற்பது புள்ளி குறைந்தது.

இரண்டாம் தடவை, பரீட்சை முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

“ரொம்ப ஈசிப்பா. கணக்குல நாலு பிழைதான் இருக்கும்.”

முதல் தடவை ஏழு பிழை. எத்தனை பிழைக்கு எத்தனை புள்ளி என்ற அந்தத் தேதியின் அட்டவணை என் போனில் இருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது அதைத் திறந்து பார்த்தேன். ஆயிரத்து நானூற்றுப் பத்து.

“அது போன தேதி டேபிள்ப்பா. ஒவ்வொரு தேதிக்கும் மாறும்.”

“மாறினா எவ்வளவு மாறப்போகுது?” என்றேன்.

பயத்தை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, காரியம் முடிந்துவிட்டதாக நடந்துகொள்வது. மனைவி கோயிலுக்கு ஒரு பொங்கல் நேர்ந்திருந்தாள். அதை இந்த வெள்ளியே வைத்துவிடலாம் என்றேன்.

“ரிசல்ட் வரட்டுங்களேன்,” என்றாள்.

“வந்த மாதிரித்தான்.”

வெள்ளிக்கிழமை பூசையில் ஒலிபெருக்கி ஊருக்கே அறிவித்தது: “உயர்கல்விக்காக அமெரிக்கா செல்லும் செல்வி காயத்ரி குடும்பத்தினரின் உபயம்.” காயத்ரி தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். மறுநாள் மச்சினன் பிலிமத்தலாவையிலிருந்து ஆளுயரச் சூட்கேஸ் ஒன்றுடன் வந்து இறங்கினான்.

“மச்சான், கலர் பரவாயில்லையா?”

பெறுபேறு வந்தது. ஆயிரத்து முந்நூற்று முப்பது.

பிழை குறைந்திருந்தது, புள்ளியும் குறைந்திருந்தது. பக்கத்தை மூன்று தடவை புதுப்பித்துப் பார்த்தேன். புள்ளி அசையவில்லை.

“எல்லாருக்கும் ஈசின்னா ஒரு பிழைக்கே நிறையக் குறைப்பாங்கப்பா. அதத்தான் பஸ்ல சொன்னேன்,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

அதன்பின் தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “எப்ப பயணம்?” நான் பின்பக்க ஒழுங்கையால் வேலைக்குப் போகத் தொடங்கினேன். சூட்கேஸ் கூடத்தில் நின்றது. (அலுமாரிக்கு மேலே ஏற்றவும் முடியவில்லை, அவ்வளவு பெரிது.)

இன்னும் ஒரே ஒரு பரீட்சைத் தேதிதான் மிச்சம். அன்று காயத்ரி கண் சிவந்து வெளியே வந்தாள்.

“ரொம்பக் கஷ்டம்பா. கணக்குல ஆறு பிழையாவது இருக்கும்.”

“எல்லாருக்கும் கஷ்டமா?”

“எல்லாருந்தான். ஒரு பிள்ளை அழுதுச்சு.”

“நல்லது,” என்றேன், வாய் நிறையச் சிரித்து. அழுத பிள்ளையின் தாய் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

ஆயிரத்து நானூற்றுப் பத்து வந்தது. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. விசா ஒட்டிய பிறகுதான் கோயிலுக்கே போனேன்.

ஆனால் வீட்டில் என் சொல்லுக்கு இருந்த மதிப்பு திரும்பவேயில்லை. எதை உறுதியாகச் சொன்னாலும் மச்சினன் கேட்பான்: “மச்சான், இது எந்தத் தேதி டேபிள்?” போன ஞாயிறு விருந்தாளிகள் எட்டுப் பேருக்கு இந்தச் சோறு போதும் என்றேன். மனைவி இன்னொரு பானையை அடுப்பில் ஏற்றினாள்.