நிரபராதியின் கோணல் எழுத்து

தப்பே செய்யாதவன் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்பவர்கள் என்னைப் போன்ற ஒரு முட்டாளைச் சந்தித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஈஜிபுராவில் ஒண்டுக் குடித்தனம், ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. நாலு வருஷம் அலைந்து திரிந்து வாங்கிய வேலை. ஒருநாள் எங்கள் மேனேஜருக்கு மொட்டைக் கடிதம் வந்தது. காலை உடைப்பேன் என்று ஆங்கிலத்தில், குண்டு குண்டான எழுத்தில் மிரட்டியிருந்தார்கள். ஆபீசில் குண்டாக எழுதுகிறவன் நான் ஒருவன்தான் (பள்ளியில் அதற்குப் பரிசு வேறு வாங்கித் தொலைத்திருந்தேன்).

ஆபீஸ் ஆட்கள் ஆறு பேரையும் ஸ்டேஷனில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். தாள்கள் அரசாங்கத் தடயவியல் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் என்றார்கள். எழுதாத கடிதத்துக்கு வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அப்போது பார்த்து மூளை வேலை செய்தது. எழுத்தையெல்லாம் இடது பக்கம் சாய்த்து, கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தேன்.

"ஏனப்பா, ஆபீஸ்லயும் இப்டித்தான் எழுதறியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார், சின்ன வயசுலேர்ந்தே இப்டித்தான்."

இரண்டு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்தின் அறிக்கை வந்தது. கடிதத்தை மற்ற ஐந்து பேரும் எழுதவில்லை. ஆறாவது ஆள் வேண்டுமென்றே எழுத்தை மாற்றியிருக்கிறார், இயல்பாக எழுதிய பழைய தாள்களை அனுப்பவும். அன்றே என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். ஐந்து பேரும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

பழைய தாள்களுக்காக மேனேஜர் என் ஃபைலைத் திறந்தார். இருந்ததெல்லாம் லீவு லெட்டர்கள். அதுவரை யாரும் அவற்றைச் சேர்த்து வைத்துப் படித்ததில்லை. மூன்று லெட்டர்களில் ஆம்பூர் சித்தப்பா மூன்று வெவ்வேறு நோய்களில் இறந்திருந்தார்.

ஆய்வுக்கூடம் இன்னும் சில மாதம் எடுத்துக்கொண்டு, மிரட்டல் கடிதம் என் கையெழுத்தல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. என் முகத்தையே பார்க்காத அந்த ஆய்வுக்கூடம் ஒன்றுதான் எனக்கு நியாயம் செய்தது. கம்பெனியோ பொய் லீவுக்காக என்னை வீட்டுக்கு அனுப்பியது. பொய் லீவு போடாத ஒருவன் அங்கே இருந்தானா? வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மொட்டைக் கடிதம் எழுதியவன் கடைசிவரை சிக்கவில்லை (எங்கிருந்தாலும் நாசமாய்ப் போகட்டும்).

சித்தப்பா எண்பதைத் தாண்டிவிட்டார். வீட்டு விசேஷங்களில் புது சம்பந்திகளைப் பார்த்தால் தானே போய்க் கும்பிடுகிறார்.

"நாந்தாங்க இவனோட செத்துப்போன சித்தப்பா. மூணாவது வாட்டி மஞ்சக் காமாலை."

பந்தலே சிரிக்கிறது. நானும் பல்லைக் காட்டுகிறேன். அப்படி ஒரு வேலை எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.